வெறும் தூளி

என் மகளின் போனில் ஒரு குழந்தை இருந்தது. அது அழவே அழாது. எனக்கு முதலில் சந்தேகம் வந்தது அதில்தான்.

அது ஒரு நடிகையின் குழந்தை. என் மகளுக்குப் பிரசவமான அதே மாதத்தில்தான் அந்த அம்மாவுக்கும் பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிரசவம் என்பதால் மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். அதன் பிறகு பூஞ்சேரிக்கு உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாப்பிள்ளைக்கு மறைமலைநகரில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து குழந்தையைப் பார்ப்பார், கொஞ்சுவார், ஓடிவிடுவார். மற்ற நாளெல்லாம் மகளுக்குத் துணை நானும் என் மனைவியும் அந்தப் போனும்தான்.

குழந்தை தூங்கும் நேரத்தில் அவளும் தூங்க வேண்டும். அவள் தூங்க மாட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அம்மா வெள்ளை மெத்தையில் குழந்தையோடு படுத்திருக்கும். வெயில் விழுகிற ஜன்னலோரம் நின்று குழந்தையை முத்தமிடும். தலைமுடி ஒன்றுகூடக் கலைந்திருக்காது. வயிறு என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இருக்காது. "நான் ஆயா வெச்சுக்கல, என் பொண்ணுக்கு எல்லாமே நான்தான். அம்மா ஆனா தானா எல்லாம் வந்துடும்" என்று சொல்லும்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை பார்க்கிறேன். எனக்குச் செடி தெரியும், குழந்தையைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை இப்படி வாயை மூடிக்கொண்டு போட்டோவுக்குப் படுத்திருக்குமா என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது பால் குடித்தால் அழும், குடிக்காவிட்டால் அழும், குளிப்பாட்டினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

"இன்னா ஊர்ல இல்லாத புள்ள பெத்துட்டேன்? எப்ப பாத்தாலும் அழுதுகினே கீது" என்பாள் மகள்.

"நீ மட்டும் சிரிச்சுகினா பொறந்த?" என்பாள் என் மனைவி. "உன் சத்தத்துக்குப் பக்கத்து வூட்டுக்காரி வூட்டையே காலி பண்ணிட்டா."

மகள் சிரிக்க மாட்டாள். முன்பெல்லாம் சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு நாவலூரில் ஒரு ஆபீசில் முன்பக்கம் உட்கார்ந்து வருகிறவர்களை வரவேற்கிற வேலை அவளுக்கு. பேச்சுக்கும் சிரிப்புக்கும்தான் அங்கே சம்பளம். அங்கே கூட வேலை பார்த்த பெண்கள் இப்போது போனில் கேட்டார்கள்: வயிறு இறங்கியதா, எப்போது வேலைக்கு வருகிறாய், அந்த நடிகையைப் பார்த்தாயா, எப்படி இருக்கிறாள் பார்.

பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். அதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். நாய்க்குச் சோறு வைக்கிறவன் நான். தட்டில் மீதி வருவது நாளுக்கு நாள் கூடியது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு எங்கள் பக்கம் பால்சுறாவைப் புட்டு செய்து கொடுப்பார்கள். என் மனைவி விடிவதற்குள் மாமல்லபுரம் கரைக்குப் போய், படகுக்காரர்களிடம் சொல்லி வைத்து வாங்கி வந்தாள். வேகவைத்து, உதிர்த்து, பூண்டு தட்டிப் போட்டுச் செய்ததை மகள் விரலால் ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"அந்தம்மா சாயங்காலம் வெறும் சூப்புதான் குடிக்கிறாங்களாம்."

"அந்தம்மா இன்னாத்தயாவது குடிக்கட்டும். உன் புள்ளைக்குப் பாலு எங்கிருந்துடி வரும்? குழாய்லயா?"

"எனக்கு வரல. அவ்ளோதான். நான் அதுக்கு லாயக்கில்ல. வுடு."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது. மெல்லிய குரலில், எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கிராம நர்ஸ் அம்மா வந்து தராசைத் தொங்கவிட்டு, துணியில் குழந்தையைப் போட்டுப் பார்த்தார். முள் நின்ற இடத்தை இரண்டு தடவை பார்த்தார். எடை ஏறவில்லை. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் செங்கல்பட்டுக்கு எடுத்துப்போய்ச் சேர்க்க வேண்டியிருக்கும் என்றார். மகளைத் தனியாகக் கூட்டிப்போய், "சாப்புடும்மா. நீ சாப்புட்டாதான் அது சாப்புடும்" என்று பொறுமையாகச் சொன்னார். மகள் தலையை ஆட்டினாள். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் போனை எடுத்துவிட்டாள்.

அந்த வாரத்தில்தான் எங்கள் ரிசார்ட்டுக்கு அந்த நடிகை வந்தது.

யார் வருகிறார்கள் என்று எங்களுக்கு முன்னால் சொல்லவில்லை. காலையில் போனதும் எல்லோருடைய போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே நடப்பதை வெளியே பேசினால் வேலை போய்விடும் என்றார் மேனேஜர். கடலை ஒட்டி இருக்கிற சவுக்குத் தோப்பை என்னைப் பெருக்கச் சொன்னார்கள். பெருக்கி முடித்ததும், சவுக்கு முள்ளையெல்லாம் திரும்பக் கொண்டுவந்து தூவச் சொன்னார்கள். பெருக்காத மாதிரி இருக்க வேண்டுமாம்.

இரண்டு மரத்துக்கு நடுவே தூளி கட்ட வேண்டும் என்றார்கள். அவர்கள் கொண்டுவந்தது புத்தம்புதுப் பட்டு. வழுக்கிக்கொண்டு போனது, முடிச்சு நிற்கவில்லை. கேமராக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"அண்ணாத்த, உங்க வூட்ல பழைய பொடவை எதுனா கீதா? நல்லா தொவச்சது. பக்கத்துலதானே வூடு?"

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. யாரிடமும் வராது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு வாயெல்லாம் பல். நடிகையின் குழந்தை நம் புடவையில் தூங்கப்போகிறது என்று கொடியில் காய்ந்த கத்தரிப்பூக் கலர் புடவையை உருவிக் கொடுத்தாள். எங்கள் பேத்திக்குத் தூளி கட்டுகிற இரண்டு புடவைகளில் அது ஒன்று. இஸ்திரிப்பெட்டி சுட்ட இடத்தில் பச்சை ரவிக்கைத் துணியால் ஒட்டுப் போட்டிருக்கும்.

அந்த ஒட்டை உள்பக்கம் மடித்துத்தான் நான் கட்டினேன். கேமராக்காரர் ஓடிவந்து அதை வெளியே திருப்பினார். "இதான் வேணும். இதான் ரியல்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையைக் கொண்டுவருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ஒரு பெரிய துண்டைச் சுருட்டித் தூளிக்குள் போட்டார்கள். தூளி காற்றில் ஆடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கேமராவில் தெரியாத மெல்லிய நரம்புக் கயிற்றைக் கட்டி, அதன் நுனியை என் கையில் கொடுத்து மரத்துக்குப் பின்னால் குந்தச் சொன்னார்கள்.

வெறும் தூளியை ஆட்டக்கூடாது. ஆட்டினால் குழந்தைக்கு வயிற்று வலி வரும். எங்கள் ஊரில் விளையாட்டுக்குக்கூட யாரும் செய்ய மாட்டார்கள். எந்தக் குழந்தைக்கு வரும்? தூளிக்குரிய குழந்தைக்கு. இது என் பேத்தியின் தூளி. அங்கே இருந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? துண்டு இருக்கிறதே, அதனால் இது வெறும் தூளி ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கயிற்றை இழுத்தேன்.

அந்த அம்மா கடல் பக்கமிருந்து நடந்து வந்து, தூளியை எட்டிப் பார்த்துச் சிரிக்க வேண்டும். துண்டைப் பார்த்துத்தான் சிரித்தது. என்ன சிரிப்பு! உள்ளே இருப்பது துண்டு என்று நான் சத்தியம் செய்தாலும் பார்க்கிறவன் நம்ப மாட்டான். இரண்டாவது தடவை நடந்து வரும்போது, பின்னால் இருந்த காட்டேஜிலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. அந்த அம்மா நின்றது. ஒரு ஆயா அம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தாள்.

"பசிக்குது போல. பத்து நிமிஷம் குடுங்க" என்றது அந்த அம்மா.

"வெயில் போயிடும் மேடம். ஒரே ஒரு டேக்."

மேக்கப் போடுகிற பெண் ஓடிவந்து அந்த அம்மாவின் முன்பக்கம் டிஷ்யூ பேப்பரை வைத்து ஒற்றினாள். ரவிக்கை நனைந்திருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது என் தலைக்கு மேலே அந்த அம்மாவின் குரல் கேட்டது.

"அண்ணா, அழுவுறது உங்களுக்கும் கேக்குதா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். திரும்பிப் போய், கேமராவைப் பார்த்துச் சிரித்து, "என் பொண்ணு அழவே மாட்டா" என்று சொன்னது.

அந்த அம்மா என்னை எதற்காகக் கேட்டது என்று இன்று வரைக்கும் யோசிக்கிறேன். பெற்ற மனசு பொறுக்காமல் கேட்டதா? அல்லது அழுகை மைக்கில் விழுகிறதா என்று தெரிந்துகொள்ளக் கேட்டதா? அப்படி ஒரு சிரிப்பைச் சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொள்ளவும் தெரியும். என்னால் ஒரு பக்கமாக முடிவு செய்ய முடியவில்லை.

அன்று சாயங்காலம் புடவையை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் பேத்தி காலை மடக்கி மடக்கி அழுதது. என் மனைவி வெற்றிலையை விளக்கில் வாட்டி வயிற்றில் ஒத்தடம் வைத்தாள். நிற்கவில்லை. நான் அவளைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"யோவ்! வெறும் தூளியவா ஆட்டுன?"

"துண்டு இருந்துச்சு."

"துண்டுக்கா வயிறு கீது? பொறந்த புள்ளய வெச்சுகினு இன்னா வேல பாத்துட்டு வந்து நிக்கற!"

மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். நெடி வராமல் போனதைப் பார்த்து, கண்தான் என்று முடிவு செய்தாள். எனக்கு அதிலும் சந்தேகம்தான். வயிற்று வலி கண்ணால் வந்ததா, கயிற்றால் வந்ததா, பால் போதாமல் வந்ததா என்று யார் சொல்ல முடியும்? மகளிடம் நாங்கள் இருவரும் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அவள் இருக்கிற நிலையில் இதையும் சொல்ல வேண்டுமா என்பது இன்னொன்று.

நர்ஸ் அம்மா திரும்ப வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் சாப்பிட வந்திருந்தேன். குழந்தை தூளியில் இருந்தது. மகளின் தட்டில் சோறு பிசையாமல் இருந்தது. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து தூளியைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

"நைனா. இங்க வா."

போனில் சவுக்குத் தோப்பு. கத்தரிப்பூக் கலர் தூளி தானாக ஆடிக்கொண்டிருந்தது. பச்சை ஒட்டு பெரிதாகத் தெரிந்தது. எங்கள் வீட்டு உத்திரத்தில் தொங்கியதிலும் அதே ஒட்டு.

"இது நம்ம பொடவதானே?"

என் மனைவி அடுப்படியில் கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. நான் இருக்கலாம் என்றேன்.

"இருக்கலாமா? ஒட்டு நம்முது. கட்டியிருக்கற முடிச்சு உன்னுது. சொல்லு, உள்ள கீறது யாரு? அந்தம்மா பாப்பாவா?"

"துண்டு."

"இன்னாது?"

"துண்டும்மா. குளிச்சுட்டுத் தொடைக்கற துண்டு. நான்தான் மரத்துக்குப் பின்னால குந்திகினு ஆட்டுனேன்."

அவள் என்னை அடிக்கிற மாதிரி பார்த்தாள். "என் புள்ள தூளிய வெறுமனே ஆட்டுனியா? அதான் அன்னிக்கு அப்படிக் கத்துச்சா?" திரும்பவும் போனைப் பார்த்துவிட்டு, வேறு குரலில் கேட்டாள்.

"அப்போ அந்தப் பாப்பா எங்க இருந்துச்சு?"

"ரூமாண்ட. ஒரு ஆயா வெச்சுகினு இருந்துச்சு."

"ஆயாவா? ஆயா இல்லன்னு சொன்னாங்களே." பிறகு, "தூங்கிச்சா?" என்றாள்.

"எங்க தூங்குச்சு? அழுதுகினே இருந்துச்சு."

"அழுதுச்சா?"

"ம்."

"நல்லா அழுதுச்சா? நம்முது மாதிரியா?"

அந்தக் கேள்வியில் அவள் முகம் எப்படி இருந்தது என்றால், நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிற மாதிரி இருந்தது. என் வாழ்நாளில் யாரும் என் வாயை அப்படிப் பார்த்ததில்லை.

"நம்முதவிட சத்தம்" என்றேன். "கடல் சத்தமே கேக்கல. மேனேஜரு காதப் பொத்திகினாரு. ஆயாவால முடியல. அந்தம்மாவுக்கு ரவிக்கையெல்லாம் பால். பத்து நிமிஷம் குடுங்கன்னு கெஞ்சுது, வுடல."

"அய்யோ பாவம்" என்றாள் மகள். யாரை என்று எனக்குப் புரியவில்லை.

வீடியோவை முதலிலிருந்து மறுபடி போட்டாள். இப்போது அந்த அம்மா கடலோரம் நடந்து வரும்போது, "இங்க அழுதுகினு கீதா?" என்று என்னைக் கேட்டாள். கீது என்றேன். தூளியை எட்டிப் பார்த்துச் சிரிக்கும்போது, "இங்க?" என்றாள். இங்கதான் ஜாஸ்தி என்றேன். பேசிக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். என் மனைவி சத்தமில்லாமல் வந்து பால்சுறாப் புட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். மகள் அதை ஒதுக்கவில்லை.

அந்தக் குழந்தை அன்று அழுதது கொஞ்ச நேரம்தான். ஆயா அம்மாள் உள்ளே தூக்கிப் போனதும் அடங்கிவிட்டது. மேனேஜர் காதைப் பொத்தவில்லை. அதெல்லாம் நான் கட்டியது. தட்டில் மீதி இருக்கும் வரைக்கும் அந்தக் குழந்தையை நான் அழவைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் நர்ஸ் அம்மா வந்தார். ஒரு நாள் சோற்றில் முள் நகர்ந்துவிடாது. நகரவில்லை. ஆனால் மகள் அவர் கேட்பதற்கு முன்பே, நேற்று இரண்டு வேளை வயிறு நிறையச் சாப்பிட்டேன், பால் கொஞ்சம் இறங்குகிறது, ஒரு வாரம் கொடுங்கள் என்றாள். அவர் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தார், ஒரு வாரம் கொடுத்தார். குழந்தை தராசுத் துணியில் கிடந்து வீடே அதிர அழுதது.

"அழட்டும். எல்லாப் புள்ளையும்தான் அழுவுது" என்றாள் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா நைனா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.