ஜானவாசத்துக்குக் கழற்றிய கண்ணாடி

எழுபதுகளின் தொடக்கம். ஐப்பசியில் என் அக்காவுக்குக் கல்யாணம். முதல்நாள் மாலை மாப்பிள்ளையைக் காரில் உட்காரவைத்து ஊர்வலம் விடும் ஜானவாசத்துக்குத் திறந்த கார்தான் வேண்டும் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் இருந்த திறந்த கார்களில் எல்லாம் வேறு மாப்பிள்ளைகள் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டார்கள்.

எதிர்வீட்டு மாமாவிடம் பழைய இங்கிலீஷ் கார் ஒன்று இருந்தது. கூரை போட்டதுதான். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் தினமும் அப்படித் துடைத்துவிட மாட்டார்கள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு திருச்சிக்குக் கிளம்பியவர், சாவியை என் கையில் வைத்தார்.

"முகூர்த்தத்தன்னிக்குக் காலம்பற ஸ்டேஷன்லேர்ந்து நேரா சத்திரத்துக்கு வந்துடுவேன். காருக்கு ஏதாவது ஆச்சோ, அப்புறம் எங்காத்துப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே."

அந்த ஆத்தில்தான் அவருடைய பெண் இருந்தாள். அந்தப் பக்கம் போக முடியாவிட்டால் நான் தொலைந்தேன். இது அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மூஞ்சியே தெரியாதே! எங்க பிள்ளையை மூடி போட்டா அழைச்சுண்டு போகப்போறேள்?"

"முன்கண்ணாடியைக் கழட்டிட்டா பளிச்சுனு தெரியும் மாமா" என்றேன். என் வாய் இருக்கிறதே, அது எப்போதும் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

மந்தைவெளியிலிருந்து மெக்கானிக்கை அழைத்து வந்தேன். "கய்ட்டறது இன்னா பெரிய வேலை சார்? திரும்பி மாட்றதுதான் பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே காருக்குள் ஏறினார். நடுவில் ஒரு பட்டை, அதற்கு இரு பக்கமும் தட்டையான இரண்டு கண்ணாடிகள். சுற்றியிருந்த ரப்பரின் உதட்டைக் கரண்டிக் காம்பால் நெம்பிவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடி வெறுங்காலால் தள்ளினார். வெளியே நின்ற என் கையில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. இரண்டின் வெளிப்பக்கத்திலும் ஆயுத பூஜைக்கு மாமி வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. வேட்டியில் சுற்றி, சத்திரத்து உக்கிராண அறையில் தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாப்பிள்ளை முன்சீட்டில் அமர்ந்து ஊர்வலம் போனார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துக்கு வந்த ஈசல் எல்லாம் கண்ணாடி இல்லாத வழியாக அவர் மடியில் இறங்கியது. சித்தப்பாவுக்குப் பரம திருப்தி.

மறுநாள் விடிந்ததும் கண்ணாடிகளைத் துடைத்தோம். பொட்டை மட்டும் விட்டுவிட்டோம். "சாமி பொட்டு சார், நான் கை வெக்க மாட்டேன்" என்றார் மெக்கானிக். எனக்கும் மனசு வரவில்லை. ரப்பர் பள்ளத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, மெல்லிய கயிற்றைச் சுற்றிப் பதித்து, நுனியை உள்ளே விட்டோம். வெளியிலிருந்து நான் உள்ளங்கையால் அழுத்த, உள்ளேயிருந்து அவர் கயிற்றை இழுக்க, ரப்பர் தகர விளிம்பின்மேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு கீறல் கிடையாது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

மாமா வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் காரிடம் போனார். வழக்கம்போல் கைக்குட்டையால் பொட்டைச் சுற்றித் துடைக்கப் போனவர் நின்றார். விரலால் குங்குமத்தைத் தொட்டார். விரலில் ஒட்டவில்லை.

"பொட்டு ரெண்டும் உள்பக்கம் எப்படிடா போச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறோம். தட்டைக் கண்ணாடி, புரட்டிப் பிடித்ததும் சமர்த்தாகப் பொருந்திவிட்டது, வெளிப்பக்கம் உள்பக்கமாகிவிட்டது. அந்தப் பொட்டைத் துடைத்துத் தொலைத்திருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது.

வாசலில் சந்தனக் கிண்ணத்துடன் நின்ற அவர் பெண் இறங்கி வந்தாள். "நான்தாம்ப்பா வெச்சேன். வெளியில இருந்தது மழையில கரைஞ்சுபோச்சு. உள்ளே வெச்சா கரையாதோன்னோ?"

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ம்" என்று சொல்லிவிட்டு மாமா டிபன் சாப்பிடப் போய்விட்டார்.

"அடுத்த தடவை எது இடது, எது வலதுன்னு எழுதி வெச்சுக்கோ, அசடு" என்று காதோரம் சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அப்பாவிடம் பொய்யே சொல்லாதவள் எனக்காகச் சொல்லிவிட்டாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கழுத்தில் தாலி ஏறியதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளைப் பெண் கேட்டு அப்பாவும் நானும் எதிர்வீட்டுக்குப் போனோம். மாமா காபி முழுவதையும் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"பொண்ணைத் தரேன். ஜானவாசத்துக்குக் கார் தரமாட்டேன்."