ஏற்றத்தில் நின்ற லொறியும் எஸ்ரன் பாஸும்

மெக்கானிக் எஸ்ரன் பாஸிடம் வண்டியைக் கொண்டுபோகிறவர்களுக்கு முதல் கால் மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். மனிதர் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். எந்த இடத்தில் நின்றது, அப்போது டேங்கில் எவ்வளவு டீசல் இருந்தது, நின்ற பிறகு எத்தனை நிமிஷத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆனது என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். "வண்டியப் பாருங்க பாஸ், என் வாயப் பாக்காதீங்க" என்று ஒருவர் சண்டைக்கே போயிருக்கிறார். பாஸ் அதற்கும் தலையாட்டிவிட்டு விட்ட இடத்திலிருந்து கேட்டாராம்.

குண்டசாலையில் பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, தகரக் கூரை போட்ட கராஜ். பெயர்ப்பலகை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக டீசல் வண்டி மட்டும்தான் பார்க்கிறார். கண்டியில் பெரிய கராஜ்களில் கம்பியூட்டரைச் செருகி நோய் கண்டுபிடிக்கிறார்கள். செருக இடமே இல்லாத கிழட்டு லொறிகளெல்லாம் இவர் வாசலுக்கு வந்து சேரும்.

போன செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை வீரய்யா வந்து சேர்ந்ததும் அப்படி ஒரு லொறியோடுதான். வீரய்யா ஹந்தானை தேயிலைத் தோட்டத்து லயத்துக்காரர். தெல்தெனியவில் மரியநாயகம் முதலாளியின் ஹாட்வெயார் கடைக்கு ஒன்பது வருஷமாக லொறி ஓட்டுகிறார்.

"ஏத்தத்துல வந்து இழுத்து இழுத்து நின்னுருது பாஸ். பத்து நிமிஷம் கழிச்சி கைப்பம்ப அடிச்சா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. எல்லா நாளும் நிக்கிறதும் இல்ல. முதலாளி பக்கத்துல உக்காந்து வந்த அன்னைக்கி கழுத, குதிர மாதிரி ஓடிச்சி!"

மே மாதத்திலிருந்து இந்தக் கூத்து. வேறு இரண்டு கராஜ்களில் பில்டரை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள், டீசல் இழுக்கும் பம்பையே புதிதாகப் போட்டார்கள். மூன்றாவது கராஜில் ஒரு மேதாவி, சொல்ல ஒன்றும் இல்லாமல் முதலாளியைப் பார்த்துச் சிரித்தான். "டேங்குல யாராவது டீசல் உறிஞ்சினா குழாய்ல காத்து ஏறும் முதலாளி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டான். அவனுக்கு அது பகிடி. இங்கே ஒரு மனிதனின் மானம் அன்றோடு போயிற்று.

மரியநாயகம் கெட்டவர் இல்லை. ஆனால் அடிக்கடி முக்கால் மணி நேரம் பிந்தி வருகிற லொறி, சாட்சியே இல்லாத நடுரோட்டில் நின்றேன் என்று சொல்கிற டிரைவர். அவர் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. பேச்சு லொறிக்கு முன்னால் ஹந்தானைக்கு ஏறிவிட்டது. லயத்தில் 'டீசல் வீரய்யா' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் அதைக் கேட்டுவிட்டு வந்த மனைவி சீதா, ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "என்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

"சனிக்கிழம வரைக்கும் பாக்கிறேன்னு முதலாளி சொல்லிட்டாரு" என்றார் வீரய்யா. "அதுக்குள்ள பிழை என்னான்னு தெரியலேன்னா வேற டிரைவராம். வேல போனா வேற வேல தேடிக்கலாம் பாஸ். கள்ளன்னு பேரு வாங்கிட்டு எங்க போய் நிக்கிறது?"

எஸ்ரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "டேங்க விடுங்க. பெப்ரவரில ஓட்ட அடைக்க அத நான்தானே கழட்டி, கழுவி, பூட்டிக் குடுத்தேன். அதுக்குள்ள ஒரு தூசி இருக்காது. மத்ததப் பாப்போம்" என்றார். என்னதான் கெட்டிக்காரராக இருந்தாலும் தன் கைவேலை மீது யாருக்கும் ஒரு கர்வம் இருக்கும்தானே.

செவ்வாய்க்கிழமை, டேங்கிலிருந்து வருகிற டீசல் குழாயைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கதவோரமாக வளைத்துப் பூட்டினார். ஐம்பது மூட்டை சீமெந்தோடு லொறி புறப்பட்டது. எஸ்ரன் பக்கத்தில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்தக் குழாயையே பார்த்து வந்தார். எதிரே வந்த பஸ்காரன் திட்டினான். மூன்றாவது ஏற்றத்தில் லொறி இழுத்தது, குலுங்கியது, நின்றது.

"காத்துக் குமிழி ஒண்ணுகூட வரல்ல வீரய்யா. குழாய்தான் சப்பையா ஒட்டிப் போச்சி. பம்பு இழுக்குது, டீசல் வர மாட்டேங்குது. எங்கயோ அடைக்குது."

"அப்ப நான் உறிஞ்சல்லன்னு ஆச்சா பாஸ்?"

"எனக்கு ஆச்சி. முதலாளிக்கு ஆகணுமே."

முதலாளிக்கு ஆகவில்லை. "எங்க அடைக்குதுன்னு காட்டுங்க, நம்புறேன்" என்றார் போனில். அதுவும் நியாயம்தான்.

அடுத்த மூன்று நாளும் எஸ்ரன் டேங்கையே ஒதுக்கிவைத்தார். ஒரு கேனில் டீசலை நிரப்பி, அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் விட்டார். ஆறு ட்ரிப். ஒரு தடவைகூட நிற்கவில்லை. வீரய்யா சந்தோஷத்தில் ஸ்டியரிங்கைத் தட்டித் தாளம் போட்டார். எஸ்ரனின் முகம் மட்டும் ட்ரிப்புக்கு ட்ரிப் சுருங்கிக்கொண்டே வந்தது. கேனில் ஓடுகிறது என்றால் பம்பில் பிழை இல்லை, பில்டரில் பிழை இல்லை. மிச்சம் இருப்பது, தூசி இருக்காது என்று அவர் அடித்துச் சொன்ன அந்த டேங்க் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் மரியநாயகம் வந்துவிட்டார். எஸ்ரன் டேங்கை இறக்கி, டீசலைத் துணியில் வடித்தார். குடிக்கலாம் போல அத்தனை சுத்தம். மூடியின் காற்றுத் துளையும் அடைபடவில்லை. முதலாளி லொறியின் அந்தப் பக்கம் போய், போனில் யாரோ ஒரு டிரைவரிடம் திங்கட்கிழமை வரமுடியுமா என்று கேட்கத் தொடங்கினார். வீரய்யாவுக்கு அது காதில் விழுந்தது. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எஸ்ரன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, டீசல் அளவு காட்டும் கருவி பூட்டுகிற ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். டேங்கின் நடுவே இருக்கிற தகட்டுத் தடுப்புக்குப் பின்னால் ஏதோ வழுக்கியது. விரலால் கொக்கி போட்டு இழுத்தார். உள்ளங்கை அகலத்தில் ஊதா நிறத் துணி; ஓரத்தில் பொன்நிறக் கரை.

அந்தத் துணியை அவருக்குத் தெரியும். போன நத்தார்ப் பண்டிகைக்குத் தேவாலயப் பாட்டுக்குழுவுக்கு அவருடைய மனைவி ஜூலி தைத்த சட்டைகளின் வெட்டுத்துண்டு. மிச்சமெல்லாம் கை துடைக்கக் கராஜுக்கு வந்தது. பெப்ரவரியில் டேங்கைக் கழுவிய பிறகு, ஒட்டு வைக்கும்போது தூசி விழக் கூடாதென்று அந்த ஓட்டைக்குள் துணியை அடைத்தவர் அவரேதான். பூட்டும்போது அதை வெளியே எடுக்காமல் உள்ளே தள்ளிவிட்டிருக்கிறார். தடுப்புக்குப் பின்னால் கிடந்தது, பிறகு அசைந்து, ஏற்றத்தில் பம்பு பலமாக இழுக்கும்போது குழாயின் வாயில் போய் ஒட்டியிருக்கிறது. எஞ்சின் நின்றதும் நழுவிவிடும். பிறகு எப்படி அகப்படும்?

யாரும் பார்க்கவில்லை. கையைப் பொத்திக்கொண்டு, தூசி அடைத்திருந்தது என்று சொல்லியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷப் பெயர் பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் அத்தனை சுத்தமான டீசலைப் பார்த்தவர் தூசிக் கதையை நம்புவாரா? நம்பாவிட்டால் போவது வீரய்யாவின் பெயர்.

"முதலாளி, போன வச்சிட்டு இங்க வாங்க" என்று எஸ்ரன் கூப்பிட்டார். ஈரத் துணியை அவர் கண்முன்னே விரித்தார். "இதுதான் அடைச்சது. உள்ள விட்டது நான். வீரய்யா மேல ஒரு பிழையும் இல்ல."

மரியநாயகம் துணியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவனக் காப்பாத்த ஒங்க தலையில போட்டுக்கிறீங்களா பாஸ்?"

எஸ்ரன் மூலையிலிருந்த பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். அதே ஊதா, அதே பொன்கரை, பத்துப் பதினைந்து துண்டு. முதலாளியின் முகம் விழுந்துவிட்டது. அவர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. போனை எடுத்து, "நீங்க வரத் தேவல்ல" என்று சொல்லி வைத்தார். "திங்கக்கிழம நேரத்தோட வந்துரு வீரய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி வீரய்யா. நாலு மாதம் அந்த மனிதரைக் கள்ளனாக்கி வைத்தது தன் துணி. ஒரு அறை விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எஸ்ரன் நின்றார். வீரய்யா சத்தம் போடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சீதாவுக்குப் போன் அடித்தார். "பிழை லொறியில தான் புள்ள" என்று தொடங்கினார். போனை எஸ்ரனிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லுங்க பாஸ்."

முதலாளியிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. "தங்கச்சி, நான் எஸ்ரன் பாஸ். டேங்குக்குள்ள துணிய விட்டு வண்டிய நிப்பாட்டினது நான்தான். ஒங்க புருஷன் ஒரு சொட்டு டீசல் தொடல்ல. என்ன மன்னிச்சுக்கங்க."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. குழாயடிக்குப் போறேன், எல்லாரும் அங்கதான் நிக்கிறாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். இப்ப சொன்னத இன்னொருக்கா சத்தமாச் சொல்லுங்க."

எஸ்ரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சத்தமாகச் சொன்னார்.