சுவர் சுரண்டி ஜீவரத்தினம்

இரும்புலியூரில் ஜீவரத்தினம் என்று கேட்டால் யாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். சுவர் சுரண்டி என்றால் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடுவார்கள். பிளேடும் காகித உறையுமாக அவள் கை வைக்காத மதில் தாம்பரம் வட்டாரத்தில் இல்லை.

"இன்னாமா, செவுத்த சொரண்டிகினு கீறே? பிரியாணில போடற கல்பாசியா?" என்று ஆட்டோ வீராசாமி கேட்டார்.

"அதோட சொந்தக்காரங்கதாண்ணா. யாருக்கு யார் உறவுன்னு பார்க்கறேன்."

பொய்யில்லை. மதிலில் பாசியும் லைக்கனும் அக்கா தங்கை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாசி, செடி இனம். லைக்கனோ பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். டி.என்.ஏ.வில் ஒரு துண்டைப் படித்தால், சோப்பு உறையின் பார்கோடு போல, எது யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடும். அப்படி ஒரு வம்சாவளி வரைவதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

2009இல் வந்தது வினை. சேலையூர் மதில் லைக்கன்கள் அத்தனையும் வம்சாவளியில், மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டின் மடியில் போய் உட்கார்ந்திருந்தன.

"லேப்ல வெச்சு சாப்பிட்டியா? நாளைக்கு கமிட்டி இதைப் பார்த்தா உன் பிஎச்.டி.யை மூடிடுவாங்க!" என்று வழிகாட்டிப் பேராசிரியை ரேணுகாம்பாள் குதித்தார்.

ஜீவரத்தினத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சியபடி லேப் ஃபிரிட்ஜைத் திறந்தாள். மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் தூக்கு. உள்ளே ஆப்ப மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. கீழ்த்தட்டில் அவளுடைய காகித உறைகள் மேல் முன்பு எப்போதோ வழிந்த மாவு காய்ந்து கிடந்தது. ஈஸ்ட் வந்த வழி புரிந்துவிட்டது. தூக்கின் கழுத்தில், சீர்ப் பாத்திரத்துக்கே உரிய புள்ளி எழுத்தில், 'ரேணுகாம்பாள்' என்று வெட்டியிருந்தது. இதற்கு டி.என்.ஏ. எதற்கு?

மறுநாள் தூக்கை மாவோடு துணிப்பையில் போட்டுக்கொண்டு கமிட்டிக்குப் போனாள். மேடம் பழியை அவள் தலையில் கட்டினால் தூக்கு மேஜைக்கு ஏறும் என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடது சார்," என்றார் ரேணுகாம்பாள். "ஃபிரிட்ஜ்ல நான் வெச்ச பொருளால சாம்பிள் கெட்டுப்போச்சு. திரும்ப எடுத்துச் செய்ய இவளுக்கு ஒரு வருஷம் குடுங்க."

கொடுத்தார்கள்.

ஜீவரத்தினத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. இப்பேர்ப்பட்ட மனுஷியையா சந்தி சிரிக்க வைக்கப் பார்த்தோம்? பையை மெல்லக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினாள்.

மேடம் அவள் காதருகே குனிந்தார்.

"நீ உள்ள வரும்போதே புளிச்ச வாசனை ரூம் பூரா வந்துடுச்சுடி. என் தூக்கைக் குடு."