பதினாலாம் நாள் கரு

படிப்பு முடிந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கு மயக்க மருந்து கொடுப்பது. அக்கரப்பத்தனையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும் அம்மா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

கருவின் இதயம் எப்படி வளர்கிறது என்று ஆராயும் ஒரு சிங்கள டாக்டரிடம் உதவியாளராக இருந்தேன். நுவரெலியாவில் ஒரு தனியார் ஸ்கேன் நிலையத்தை, நோயாளிகள் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குத் தந்திருந்தார்கள். கினிகத்தேனையில் ஒரு கோழிக்குஞ்சுப் பண்ணையிலிருந்து, பதினாலு நாள் சூட்டில் வைத்த முட்டைகளை நான்தான் கொண்டுவருவேன். சுடுதண்ணீர் போத்தல்களோடு பெட்டியில் அடுக்கி, பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் வருவேன்.

முதல் நாள் மருந்து கொடுக்காமலே ஒரு முட்டையை ஸ்கேன் செய்தார் டாக்டர். படம் முழுக்கக் கலங்கல். "ஆடுது, அதான்" என்றார். வேகமாக எடுத்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினார். ஒரு கால் உதைத்தது. அலகு திறந்து மூடியது. நேற்றுவரை பொரித்துச் சாப்பிட்ட அதே முட்டை வடிவத்துக்குள் ஒன்று திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தது.

அதன்பின் மருந்து. முட்டையின் அகலமான முனையில் சின்னத் துளை போட்டு, உள்ளே தெரியும் மெல்லிய தோல்மேல் ஊசியால் அளந்து சில துளி விட வேண்டும். கரு அசையாமல் கிடக்கும், படம் தெளிவாக வரும். மயக்கம் தெளிந்ததும் மறுபடி சூட்டில் வைத்து, குஞ்சு நல்லபடி பொரிக்கிறதா என்று பார்ப்போம். ஏழெட்டு முட்டைகள் ஒரு குறையுமில்லாமல் பொரித்தன.

மூன்றாவது ஞாயிறு நான் மருந்து விட்ட முட்டை மிக அழகாகப் படம் தந்தது. கண், முதுகெலும்பு, விரல்கள். டாக்டர் கைதட்டாத குறை. பிறகு இதயத் துடிப்பைத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார்.

"மருந்து எவ்வளவு விட்டீங்க?"

நோட்டைப் பார்த்தேன். புள்ளிக்குப் பிறகு வர வேண்டிய பூச்சியத்தை விட்டிருந்தேன். பத்து மடங்கு.

இருட்டு அறையில் முட்டைக்குப் பின்னால் டோர்ச் பிடித்தோம். சிவப்பு நரம்புகள் வெளுத்துக்கொண்டே போயின. டாக்டர் என்னைத் திட்டவில்லை. "உள்ளத உள்ளபடி எழுதுங்க" என்றார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போனது.

வெளியே பனிமூட்டத்தில் நின்று அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, நான் ஒண்ண கொன்னுட்டேன்."

"என்னடி சொல்ற? யார?"

விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை அம்மா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சா செஞ்ச?"

"இல்லம்மா. புள்ளி தப்பிருச்சி."

"அப்ப இனி ரெண்டு பேரா பாருங்க. இங்க கொழுந்து நிறுக்கையிலயே ரெண்டு பேரு பாக்குறாங்க. உசிருக்குப் பாக்க மாட்டீங்களா?"

அடுத்த ஞாயிறு அதை டாக்டரிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டார். நான் ஊசியைத் தூக்கிப் பிடித்து எண்ணைச் சத்தமாக வாசித்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அளவுக்கோட்டைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். இரண்டு பேர் சொன்ன எண்ணும் ஒன்றாக இருந்த பிறகுதான் முதல் துளியை விட்டேன்.