சித்தப்பா வாசித்த பாட்டு

என் சித்தப்பாவுக்குப் பியானோவில் ஒரு பாட்டுகூட வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கத்தான் தெரியும். மெட்ராஸில் ஒரு பியானோ கடையில் சில வருஷம் வேலை பார்த்தவர், இனி சொந்தத் தொழில்தான் என்று சொல்லிச் சிதம்பரத்துக்கே வந்துவிட்டார். எங்கள் தெருவில் பியானோவைக் கண்ணால் பார்த்தவர்களே கிடையாது. மாதக்கணக்கில் சும்மா இருந்தார். கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். இதுவும் சரிப்படாவிட்டால் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்லில் மூட்டை தூக்க வேண்டியதுதான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

தனியாகப் போகப் பயந்துகொண்டு சித்தப்பா, சின்னப் பிள்ளையான என்னையும் கூட்டிப்போனார். பஸ்ஸில் பார்த்தவர்கள் அவர் எனக்குத் துணை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அந்த வீட்டில் ஒரு பெரியவரும் அவருடைய மருமகளும் இருந்தார்கள். பியானோ, இறந்துபோன அவர் மனைவியுடையதாம். கடல் காற்றில் கம்பியெல்லாம் துருவேறிக் கிடந்தது. சித்தப்பா மூடியைத் திறந்து, ஒரு சாவியால் முறுக்குவதும் ஒரே கட்டையைத் திரும்பத் திரும்பத் தட்டுவதுமாக மத்தியானம் வரை ஓட்டினார். எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. மருமகள் அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு மட்டும் முதலில் சோறு போட்டார்.

வேலை முடிந்ததும் பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க, ஒரு பாட்டு வாசிங்க. கேட்டாத்தான நல்லாருக்கான்னு தெரியும்."

சித்தப்பாவுக்கு வேர்த்துவிட்டது. பாட்டே தெரியாத ஆளுக்குச் சுருதி எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால்? பிறகு, சுருதி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகத் தட்டுகிற கட்டைகளையே இரண்டிரண்டாகச் சேர்த்து, கீழேயிருந்து மேலே வரைக்கும் மெதுவாகத் தட்டிக்கொண்டு போனார். கண்ணை வேறு மூடிக்கொண்டார்.

பெரியவர் நெற்றியைச் சுருக்கினார். "இது என்னா பாட்டு? நான் கேட்டதே இல்லியே."

மருமகள்தான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து சொன்னார்.

"இது கஷ்டமான பாட்டு மாமா. லேசுல யாரும் வாசிக்க மாட்டாங்க."

"அதான பாத்தேன்," என்றார் பெரியவர். முதுநகரில் தன் சிநேகிதர் வீட்டிலும் ஒரு பியானோ இருக்கிறது, தானே சொல்லி அனுப்புகிறேன் என்றார். அப்படி ஆரம்பித்த தொழில்தான். தலை நரைக்கிற வரைக்கும் சித்தப்பாவுக்கு அதுவே சோறு போட்டது.

செருப்பை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் வந்திருப்போம். உள்ளேயிருந்து ஒரு பாட்டு, நெல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி சரசரவென்று வந்தது. சித்தப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். பஸ் போய்விடும் என்று நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு பாப்பா," என்றார்.

என்ன தெரிந்திருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், சித்தப்பா கஷ்டமான பாட்டெல்லாம் வாசித்தார் என்று பெருமையாகச் சொன்னேன். அந்த வீட்டு ரேடியோகூட நன்றாகப் பாடுகிறது என்றேன்.