வெடிப்பைக் காட்டும் நிறம்

"நல்லா நீடிக்கிற மாதிரி அடிக்கச் சொல்லு. பத்து வருசத்துக்கு கையே வைக்கக் கூடாது. கருப்பு." இவ்வளவுதான் கணவர் சொன்னார்.

அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை. எனக்குப் பிரசவ விடுமுறையில் மூன்று வாரம் மிச்சமிருந்தது. அவருடைய மவுண்டன் சைக்கிளின் பிரேமைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி, நான்கு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, குண்டசாலையிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கு ஆட்டோவில் போனேன். காலையில் சாப்பிட்டேனா என்று வழியில் ஒரு யோசனை வந்தது. கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது நினைவிருந்தது. அப்படியென்றால் சாப்பிட்டிருப்பேன்.

அந்தச் சைக்கிளில்தான் அவர் விழுந்திருந்தார். ஹந்தானை மலையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் வரும் பாதையில் வேகமாக இறங்கும்போது முன்சக்கரம் தண்ணீர்க் கானுக்குள் போய், பிரேம் கல்லில் மோதி, அவருக்குக் காறை எலும்பு முறிந்தது. எனக்கு அப்போது எட்டாம் மாதம். கையில் கட்டோடு வாசலில் நின்றவரிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். அழுகை பிறகு வரும் என்று நினைத்தேன். பிள்ளையும் பிறந்தது, அழுகை வரவில்லை. கிளினிக்கில் மிட்வைஃப் "மனசு எப்படி?" என்று கேட்டபோது "நல்லா இருக்கு" என்றேன். பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. தேடிப் பார்த்தேன், குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை.

இப்போது எலும்பு கூடிவிட்டது. வரும் விடுமுறையில் நண்பர்களோடு அதே பாதையால் மறுபடி இறங்கப் போகிறார். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்பாரா, கேட்டுவிட்டு மனம் சுருங்கி உட்கார்ந்திருப்பாரா, அப்படி உட்கார்ந்தால் அதற்கும் நான்தான் காரணமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் சைக்கிளுக்குப் பெயின்ட் அடிக்கக் கிளம்பியிருந்தேன்.

பட்டறையில் கேட்டுகளும் யன்னல் கம்பிகளும் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. உள்ளே அறை அளவுக்கு ஓர் அடுப்பு. ஐம்பது வயதிருக்கும் ஒரு முஸ்லிம் நானா விரிப்பை அவிழ்த்துப் பிரேமைத் தூக்கிப் பார்த்தார். நீடிக்கிற மாதிரி, கருப்பு என்றேன்.

"நல்ல கனம். பழைய இரும்பு. பவுடர் கோட்டிங் போடுங்கோ புள்ள. மாவு மாதிரி தூவி அடுப்புல சுடுறது. தடிப்பா உருகிப் பிடிச்சிரும், கல்லு பட்டாலும் லேசுல போகாது. ஆனா இன்டைக்கு பிரவுன் நாள். கருப்பு வியாழக்கிழமதான்."

நிறம் மாற்றும்போதெல்லாம் பவுடர் தூவும் கூண்டைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அதனால் நிறத்துக்கு ஒரு நாள். யாரோ ஒருவருடைய கேட்டோடு சேர்ந்துதான் நம்முடையதும் வேகும். சரி, வியாழக்கிழமை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பிரேமின் முன்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஹேண்டில் நிற்கும் குழாயும் கீழ்க் குழாயும் வெல்டால் சேருகிற இடம்.

"இதென்ன? இந்த ஒரு எடத்துல மட்டும் பெயின்ட் பூத்துப் போய் இரிக்கி. இதுல என்ன பூசினீங்க?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "சந்தனம் நானா. குங்குமமும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வைப்பேன்."

முன்பெல்லாம் ஆயுத பூசைக்கு மட்டும்தான் வைப்போம். அவர் விழுந்த பிறகு, சைக்கிள் பின்விறாந்தையில் சும்மா நின்ற அந்த மாதங்களில், ஒரு வெள்ளிக்கிழமையும் தவறவிடாமல் வைத்தேன். பழைய பொட்டை அழிக்க மனம் வரவில்லை. அதன்மேலேயே அடுத்ததை வைத்தேன். விறாந்தையில் சாரல் அடிக்கும். சந்தனம் காய்ந்து, நனைந்து, மறுபடி காய்ந்தது. கணவர் பார்த்துச் சிரிப்பார், துடைக்க மாட்டார்.

"புருசன விழுத்தின சைக்கிளுக்கு பொட்டு வெச்சி கும்புட்டீங்களா? பெரிய மனசுதான் உங்களுக்கு." நானா சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்துக் குரலை இறக்கினார். "கல்லுல அடிபட்டு பெயின்ட் விட்டிரிக்கும். அதுக்கு மேல இது ஈரத்த பிடிச்சி வெச்சிரிக்கி. கடவுளுக்கு வெச்சத நான் ஒண்டும் சொல்ல மாட்டேன். ஆனா இரும்புக்கு அது தெரியாதே."

கத்தியால் சுரண்டினார். பெயின்ட் செதிலாக வந்தது, உள்ளே செங்கல் நிறத்தில் துரு. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க இரும்பு வெளுத்தது. வெல்டின் ஓரமாக மயிரிழை அளவில் ஒரு கோடு தெரிந்தது.

"இது கீறலா, வெடிப்பா?" என்று கேட்டேன்.

"சொல்லேலாது. கீறல் என்டா பரவால்ல. வெடிப்பு என்டா இத பழைய இரும்புக்குத்தான் போடணும். எறக்கத்துல போற நேரம் பிரேம் ரெண்டாப் போச்சி என்டா எலும்போட நிக்காது."

ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து அந்த இடத்தில் நன்றாகத் தடவினார். கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துக் காயவைத்து, மேலே வெள்ளைச் சோக்கைப் பூசினார். "வெடிப்பு என்டா உள்ளுக்கு போன எண்ணெய் திரும்பி ஊறி வரும். சோக்குல கறுப்பா கோடு விழும். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் பொறுங்கோ."

எனக்கும் ஒரு கோப்பை தந்தார். பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் சோக்குப் பூசிய இடத்தையே பார்த்தேன். கோடு விழக் கூடாது என்றுதான் நான் நினைத்திருக்க வேண்டும். விழட்டும் என்று நினைத்தேன். விழுந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக்காரர் சொல்லிவிட்டார், பிரேம் போய்விட்டது என்று வீட்டில் சொல்லலாம். யாரும் என்னைப் பயந்தவள் என்று சொல்ல முடியாது. என் கையால் வைத்த பொட்டுத்தான் அதை அரித்தது என்றாலும் பரவாயில்லை. தேநீர் ஆறிப்போனது.

கோடு விழவில்லை.

நானா குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ். கீறல்தான். துரு மேலாலதான் தின்டிரிக்கி. பயப்பட ஒண்டும் இல்ல."

நான் தலையாட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, நான் நிம்மதியில் தலையாட்டுவதாக நினைத்திருப்பார்.

"அப்ப வியாழக்கிழம கருப்பு?"

"நானா, பின்னால ஒரு நாளைக்கு வெடிச்சா, பவுடருக்கு மேலால தெரியுமா?"

அவர் யோசித்தார். "அது தடிப்பு, கொஞ்சம் இழுபடும். உள்ளுக்கு இரும்பு வெடிச்சாலும் கொஞ்ச காலத்துக்கு மூடி வெச்சிரும். காருக்கு அடிக்கிற பெயின்ட் என்டா மெல்லிசு. இரும்பு வெடிச்சா அதும் கூடவே வெடிக்கும். வெளிர் நிறம் என்டா துருவும் உடனே கண்ணுல படும். ஆனா கல்லு பட்டா உதிரும், பத்து வருசமெல்லாம் தாங்காது. நீங்கதானே நீடிக்கணும் என்டு கேட்டீங்க?"

நான்தான் கேட்டேன். கணவரிடம் கேட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். பரீட்சை மண்டபத்தில் இருப்பார், எடுக்க மாட்டார். எடுத்தாலும் கருப்பு என்றுதான் சொல்வார். போனைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"கார் பெயின்ட். வெள்ளை."

ஆட்டோவில் ஏறியதும் அது தவறு என்று தோன்றியது. பாலம் தாண்டுவதற்குள் சரி என்று தோன்றியது. வெடிப்பு இருந்தது என்று வீட்டில் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன். பிள்ளை விழித்து அழத் தொடங்கியது, அதோடு அந்த யோசனையும் நின்றது.

அடுத்த வாரம், துருவுக்கு மருந்து போட்டு, பிரைமர் பூசி, வெள்ளை அடித்த பிரேமை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். மாலை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது? அம்புலன்ஸ் மாதிரி இருக்கு."

"கருப்புன்னா வெடிப்பு தெரியாதாம்."

"வெடிப்பு இருந்திச்சா?"

"இல்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இருக்கணும்னு நெனச்சேங்க. இருந்தா நீங்க போக மாட்டீங்கன்னு."

அவர் பிரேமைத் தரையில் வைத்தார். "போகாதேன்னு சொல்றியா?" என்று கேட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே கேட்டார். இந்தக் கேள்விக்காக எத்தனையோ மாதம் காத்திருந்தேன்.

"தெரியல," என்றேன். கொஞ்சம் கழித்து, "போங்க. மெதுவா எறங்குங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. நடுவில் செங்குத்தான இடம் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன் என்று அவராகவே சொன்னார்.

விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை காலை போனார். பிள்ளையைக் குளிப்பாட்டினேன், பருப்பு அவித்தேன், யன்னல் துடைத்தேன். பதினொரு மணி இருக்கும், போனில் அவர் பெயர் வந்தது. எடுக்க வேண்டிய கை, துடைத்து முடித்த யன்னலையே மறுபடி துடைத்தது. அதை நான் கவனித்தேன், வேறொருத்தியின் கையைக் கவனிப்பதைப் போல. பிறகுதான் எடுத்தேன்.

"எறங்கிட்டேன்மா," என்றார். பின்னால் நண்பர்களின் சத்தம்.

"ம்," என்றேன். வைத்த பிறகும் கை துடைத்துக்கொண்டே இருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, துணியைக் கையில் வைத்தபடியே கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.