இருபத்திரண்டு பேரின் ரத்தம்

"அப்பாவு எங்க?" என்று மலேரியா வந்தவர்களின் பட்டியலைப் பார்த்துக் கேட்டாள் ரத்னா.

"சுடுகாட்டுல," என்றாள் செங்கம்மாள். "ரெண்டு வருசமாச்சு. அவனுக்கா மலேரியா? போன எடத்துலயாவது நிம்மதியா இருக்க வுடுறாங்களா பாரு!"

சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நடுக்கமாக மாறியது. கோணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அப்போ அவர் ரத்தத்தை எப்படி எடுத்தாங்க?"

"என் கையிலதான்." விரல்களை விரித்துக் காட்டினாள். நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. "மலேரியாக்காரரு மாசத்துக்கு ஒருதபா வருவாரு. ஊசியப் பாத்ததும் குப்பமே படகுல ஏறிப் பூடும். நான் ஒருத்திதான் குந்திக்கினு இருப்பேன். என்னியே குத்திக் குத்தி ரத்தத்த எல்லாக் கண்ணாடித் துண்டுலயும் தடவிக்கினு, ஆளுக்கொரு பேரு எழுதிக்கினு போவாரு."

"நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"வலையில்லாத ஊடும்மா. தப்பிச்சவங்க ஆளுக்கொரு கைப்பிடி கருவாடு குடுப்பாங்க."

"இதுல உங்க பேரே இல்லையே?"

"ஓடிப்போனவங்க பேருதான அவருக்கு வோணும்? எதிர்லயே குந்தியிருக்கறவ பேரு எப்படி ஞாபகம் வரும்?"

அது 1976, ஐப்பசி. ரத்னா வேப்பம்பட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்த பெண். குப்பத்து ஜனங்கள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தருவதற்காக, ஆராய்ச்சி டாக்டர் ராஜமாணிக்கம் அவளை வைத்திருந்தார்.

செங்கம்மாளின் புருஷன் துலுக்காணம் ஏரியில் மூழ்கிச் செத்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஆண் இல்லாத வீட்டுக்கு மீனில் பங்கு இல்லை. அதற்கடுத்த பத்து வருடமும் மலேரியாக்காரர் பூவராகவனின் கண்ணாடிகளில் ஊர் ரத்தமாக ஓடியது அவள் ரத்தம்தான். அதில் கிருமியே இல்லை. மலேரியாவை அடியோடு ஒழித்த குப்பம் என்று டாக்டர் எழுதிய கட்டுரை வெளிநாட்டு மாநாட்டில் வாசிக்கப்பட்டது.

பிறகு கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு மண் தோண்டினார்கள். செங்கம்மாளும் கூடை சுமந்தாள். தோண்டிய பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்றது. கொசு வந்தது, அவளுக்குக் குளிர்காய்ச்சலும் வந்தது. பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தவளைத்தான் பூவராகவன் வழக்கம்போலக் குத்தினார். இருபத்திரண்டு கண்ணாடி. இருபத்திரண்டிலும் மலேரியா.

ஜீப்பில் அதிகாரி வந்தார். அப்பாவுவைத் தவிர மற்ற இருபத்தொரு பேரையும் நிற்கவைத்து, தன் கண் முன்னால் ஐந்து நாள் மாத்திரை விழுங்கவைத்தார். திடமாக இருந்தவர்கள் வாந்தியெடுத்தார்கள்.

"உன் காய்ச்சலுக்கு நாங்க மாத்திர முழுங்கணுமாடி?" என்று பக்கத்து வீட்டு முத்தம்மாள் வாசலில் நின்று திட்டினாள். "வாயத் தொறந்து ஏதாச்சும் சொன்ன, ஒரு துண்டு கருவாடு கெடையாது!"

செங்கம்மாளும் வரிசையில் நின்று கை நீட்டினாள். அதிகாரி பட்டியலை இரண்டு முறை பார்த்தார். "உன் பேர் இல்ல, தள்ளு."

அவள் வாயைத் திறந்தது ரத்னாவிடம் மட்டும்தான்.

அன்று சாயங்காலமே ரத்னா எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னாள். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து இருபத்திரண்டு வரிகளையும் அடித்தார்.

"ஆக, குப்பத்துல மலேரியா இல்ல."

"அந்த அம்மாவுக்கு இருக்கு, சார்."

"எந்தக் கண்ணாடியில?"

பத்து வருடத்துச் சுத்தமான கண்ணாடிகளை அவர் அடிக்கவில்லை. அவை அச்சேறிவிட்டன. இருபத்திரண்டும் பரிசோதனையில் நேர்ந்த பிழை என்று மேலே எழுதினார். நோயில்லாத குப்பத்தில் மாத்திரை எதற்கு என்று மிச்சமிருந்த டப்பாவும் திரும்பிப் போனது. செங்கம்மாள் பேரில் அடுத்த முறை ஒரு கண்ணாடி எடுக்கும்படி பூவராகவனுக்குக் குறிப்பு அனுப்பினார். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று ரத்னா நம்பினாள்.

அடுத்த முறைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் செங்கம்மாள் செத்துப்போனாள். சாவுப் பதிவில் 'பலவீனம்' என்று எழுதினார்கள்.

பூவராகவன் குறிப்பை மறக்கவில்லை. மாதக் கடைசியில் ரத்னா தட்டச்சு செய்த பட்டியலில் பதினான்காவது பேர் செங்கம்மாள். ரத்தம் எடுத்த தேதி, அவளை எரித்து மூன்றாம் நாள். மலேரியா இல்லை.

ரத்னா அந்த வரியையும் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தாள்.

அப்பாவுவைப் பற்றிக் கேட்ட அன்று அவள் கிளம்பியபோது செங்கம்மாள் கோணிக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டினாள். ரத்னாவின் பையில் ஊசியும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பேனாவும் காகிதமும்தான் இருந்தன.

"பாப்பா, என் பேர்ல ஒரே ஒரு கண்ணாடி எடுத்துக்கினு போயேன்."